மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டேன், டாக்டர்

ஈரோடு மாவட்டத்து சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்விகளை மட்டும் மாற்றவில்லை.

வயது 44. வீட்டின் முன் அறையில் தையல் கடை. கணவர் தனியார் மில்லில் வேலை பார்க்கிறார், மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. 2018-ல் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, அதன்பிறகு நோய் திரும்பாமலிருக்க 5 வருடம் டமாக்ஸிஃபென் மாத்திரை. 2023-ல் மாத்திரை நின்றதும் பழனிக்கு நடந்தே போய் நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கிறார். போன வருடம் இடுப்பு வலி வந்தது. குனிந்து குனிந்து தைப்பதால் வந்த வலி என்று நாலு மாதம் தைலம் தேய்த்திருக்கிறார். ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் புற்றுநோய் பரவியிருப்பது தெரிந்தது. இப்போது பால்போசிக்லிப், லெட்ரோசோல் மாத்திரைகள், மாதம் ஒரு முறை வயிற்றில் ஒரு ஊசி, எலும்புக்கு ஒரு ஊசி. வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

"ஆனால் டாக்டர், நான் உயிரோடு இருக்கிறேனே தவிர வாழவில்லை" என்று எழுதியிருக்கிறார். மாமியார் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார். சமையலறைக்குள் விடுவதில்லை. தையல் மெஷினைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளியாகிவிட்டது. மகளுக்குப் பரீட்சை முடியும்வரை தெரியக்கூடாது என்று 'டிஸ்க் தேய்மானம்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அண்ணன் ஒருவர் முள் சீத்தா இலைக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்து, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். கீமோ கொடுக்காமல் வெறும் மாத்திரை தருவதால் டாக்டர் கைவிட்டுவிட்டாரோ என்று பயம். கணவர் நிலத்தை அடமானம் வைத்து வெளிநாட்டு மாத்திரை வாங்கலாம் என்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: "எனக்கு எவ்வளவு நாள் இருக்கிறது?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு மாதத்தை நினைத்து உங்களை நீங்களே தண்டித்துக்கொள்வதை நிறுத்துங்கள். தையல்காரருக்கு இடுப்பு வலி வந்தால் தையலால் வந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாலு மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தாலும் இதே மாத்திரையைத்தான் உங்கள் டாக்டர் எழுதியிருப்பார். 5 வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. உங்கள் வகைப் புற்றுநோயில் பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூட வருவதைப் பார்க்கிறோம். நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

வெறும் மாத்திரை இல்லை

எலும்பில் இருப்பது 'எலும்பு கேன்சர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மார்பகப் புற்றுநோயின் செல்கள்தான் எலும்பில் போய்த் தங்கியிருக்கின்றன. இந்த நோய் அதிகமாகப் பரவும் இடமே எலும்புதான். அதனால்தான் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தே அங்கேயும் வேலை செய்கிறது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின்படி உங்களுடையது ஹார்மோனை நம்பி வளரும் வகை. வயிற்றில் போடும் ஊசி சினைப்பையை ஓயவைக்கிறது, லெட்ரோசோல் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது, பால்போசிக்லிப் செல் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் உங்கள் வலியைக் குறைத்தன. ஈரலோ நுரையீரலோ ஆபத்தான நிலையில் இல்லாதபோது இந்த வகைக்கு முதலில் கொடுக்க வேண்டியதே இதுதான். கீமோ தராமல் விட்டது உங்களைக் கைவிட்டதால் அல்ல. பின்னால் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்.

ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்ததால் போன மாதம் ஒரு வாரம் மாத்திரையைத் தள்ளிப்போட்டார்கள், அதற்குள் நோய் கூடியிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவதே அந்த அணுக்கள் தேறி வருவதற்குத்தான். இந்த மருந்தில் அணு குறைவது மிகவும் சாதாரணம். ஒரு வாரம் தள்ளுவதாலோ, 125 மில்லிகிராமை 100 ஆகவோ 75 ஆகவோ குறைப்பதாலோ சிகிச்சை தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. தினசரிக் காலண்டரில் அந்த 21 நாளையும் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள், ஒவ்வொரு நாளும் மாத்திரை போட்டதும் ஒரு கோடு. விட்ட நாளை மறுநாள் இரட்டையாகச் சேர்த்துப் போடவே கூடாது.

நிலம் விஷயம். தயவுசெய்து அடமானம் வைக்க விடாதீர்கள். பால்போசிக்லிப்பின் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதன்பிறகு நம் ஊர்க் கம்பெனிகள் பல அதே மருந்தைத் தயாரிக்கின்றன, விலை பல மடங்கு இறங்கிவிட்டது. வெளிநாட்டு அட்டையில் வருவதால் கூடுதலாக எதுவும் குணமாகாது. டாக்டரிடமே "இதே மருந்தில் விலை குறைந்த கம்பெனி எது, உங்களுக்கு நம்பிக்கையானது எது" என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. ஸ்கேன், ரேடியேஷன், ஊசி, இதில் எது எது அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கோவைக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்காக ரயிலில் போனால் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு, கூட வருபவருக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

தட்டும் டம்ளரும்

இது தொற்றுநோய் இல்லை. தட்டு, டம்ளர், பாய், கழிவறை, பக்கத்தில் உட்காருவது, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொள்வது, எதனாலும் யாருக்கும் வராது. உங்கள் மாமியார் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்து டிபி பயம் அவர் மனதில் இருக்கலாம். நீங்கள் சொன்னால் எடுபடாது. அடுத்த முறை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். பெரியவர்கள் டாக்டர் சொன்னால் கேட்பார்கள், என் அனுபவத்தில் பத்து நிமிடம் போதும்.

உங்கள் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது, அதனால் பதில் சொல்கிறேன். உங்கள் கணவர் இப்போது கூடத்தில் படுப்பது வெறுப்பால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என்னிடம் வரும் கணவன்மார் பலர் தனியாகக் கேட்பது என்ன தெரியுமா? "மேலே கை பட்டால் எலும்பு உடைஞ்சிடுமா டாக்டர்?" அவர் பயந்துபோயிருக்கலாம். கேட்டுப் பாருங்கள். தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை. எந்த எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வலிக்காத நிலையில் இருந்தால் சரி. இந்த மருந்துகளால் பிறப்புறுப்பு வறண்டு எரிச்சல் வரும், அதற்குத் தண்ணீர் சார்ந்த ஜெல் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ஹார்மோன் கலந்த கிரீமை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இதையெல்லாம் கேட்கக்கூடாத கேள்வி என்று நினைக்க வேண்டாம், இதுவும் உங்கள் சிகிச்சையைச் சேர்ந்ததுதான்.

மெஷினைத் திறங்கள்

உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் வருத்தியது அந்த மூடிய மெஷின்தான். ஓய்வு எடுத்தால் உடம்பு தேறும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து உங்களைக் கட்டிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பலன் நேர்மாறாக இருக்கும். இந்த நோயில் வரும் அசதி தூங்கினால் போகிற அசதி இல்லை. படுக்கப் படுக்கத் தசை இளைத்து, இன்னும் அசதி கூடும். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 357 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள் என்று ஒன்பது மாதம் மேற்பார்வையோடு உடற்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு அசதியும் குறைந்தது, அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டது. எலும்பில் பரவியவர்களும் அதில் இருந்தார்கள். ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் தெருக்கோடி வரை பத்து நிமிடம் நடங்கள், அடுத்த வாரம் பன்னிரண்டு. அதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அசதிக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

தையலுக்கு வருகிறேன். இடுப்பெலும்பில் நோய் இருப்பதால் மிதிக்கும் மெஷின் இப்போதைக்கு வேண்டாம். அதே மெஷினில் மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். முதுகு சாயும் நாற்காலி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி. லெட்ரோசோல் சாப்பிடுபவர்கள் பலருக்குக் காலையில் விரல்கள் இறுகிப்போய் ஊசி பிடிக்க வராது. நோய் கைக்கு வந்துவிட்டதோ என்று பயந்தீர்களே, அது அந்த மாத்திரையின் வேலையாகத்தான் இருக்கும், ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் வைத்து மடக்கி நீட்டுங்கள். கொக்கி கட்டுவது, ஹெம்மிங் போன்ற கைவேலையை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, காலையில் மெஷின் வேலை. முன்பு ஒரு நாளைக்கு எட்டு ஜாக்கெட் என்றால் இப்போது இரண்டு. தீபாவளி ஆர்டரில் தேதி சொல்லி வாங்காதீர்கள், "முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள்.

சமையலும் செய்யலாம். முக்கியமாகச் செய்யக்கூடாதது கனம் தூக்குவது. இடுப்பில் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கிரைண்டர் கல், இவற்றைத் தொடவே வேண்டாம். தரையில் கிடப்பதை எடுக்கும்போது முதுகை வளைத்துச் சட்டென்று திரும்பாதீர்கள், முட்டியை மடக்கி எடுங்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து குண்டும் குழியுமான ரோட்டில் போவதைவிட பஸ் மேல். கழிவறையில் ஈரம் இருக்கக்கூடாது, ஒரு கைப்பிடி அடித்து வைக்கச் சொல்லுங்கள். விழாமல் இருப்பது உங்களுக்கு மருந்துக்குச் சமம்.

என்னிடம் வரும் பூக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், அவருக்கும் எலும்பில்தான். எலும்புக்கான மருந்து நரம்பில் ஏறுகிற நேரத்தில், ஊசி குத்தாத கையால் மடியில் உதிரிப் பூவை எண்ணி எண்ணிக் குவித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போனதும் கட்டுவதற்கு. முதல் முறை நர்ஸ் தடுத்தார், நான் விடச் சொன்னேன். இப்போது வார்டில் மற்றவர்களும் அவரிடம் பூ வாங்குகிறார்கள்.

கஷாயம், சர்க்கரை, மற்றவை

முள் சீத்தாவை நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஆய்வகத் தட்டில் செல்லைக் கொல்வது வேறு, மனித உடம்பில் நோயைக் கட்டுப்படுத்துவது வேறு. இரண்டாவதை அது செய்ததற்கு ஆதாரமே இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயை டாக்டர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அதோடு பால்போசிக்லிப் கல்லீரல் வழியாக உடைகிற மருந்து, எந்த மூலிகை உடம்பில் அதன் அளவைக் கூட்டும் எது குறைக்கும் என்று சொல்ல முடியாது. பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பழங்களைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். அண்ணனிடம் சண்டை வேண்டாம், "மாத்திரை நடக்கும்போது கூடாதாம்" என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள்.

குழம்பில் போடும் மஞ்சள் இருக்கட்டும், மஞ்சள் கேப்ஸ்யூல் வேண்டாம். சர்க்கரை சாப்பிட்டால் கேன்சர் வளரும் என்பது தப்பு. பேரீச்சம்பழம்கூட ஒதுக்கி ஆறு கிலோ இளைத்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. முட்டை, பருப்பு, மீன், கீரை, தயிர் எல்லாம் சாப்பிடுங்கள்.

வலியைத் தாங்கிக்கொள்ளாதீர்கள்

பொறுக்க முடியாமல் போனால்தான் மாத்திரை போடுகிறேன், அதற்கு மேல் போனால் மார்ஃபின் தருவார்களாம், அது கடைசிக் கட்டம்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. மார்ஃபின் வலியின் அளவைப் பார்த்துக் கொடுப்பது, ஆயுளைப் பார்த்து அல்ல. வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்த்துத் தருவார்கள். ஒரே இடத்தில் வலி விடாமல் இருந்தால் அந்த இடத்துக்கு ஒரே ஒரு நாள் ரேடியேஷன் போதும், பல நாள் கொடுப்பதற்குச் சமமாக வலியைக் குறைக்கிறது. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மட்டும் வேண்டாம், எலும்பு ஊசியோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. வலி நிவாரண சிகிச்சைப் பிரிவு என்பது சாகப் போகிறவர்களுக்கான இடம் என்ற பயத்தை விடுங்கள், இப்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். 2021-லிருந்து நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சை உண்டு, உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்காமல், ராத்திரி ஆனாலும் கிளம்பிவிட வேண்டும்:

- காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் வேகமாக முற்றும்.
- முதுகு வலி திடீரென்று கூடி, கால் மரத்துப் போனால், கால் துவண்டால், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அல்லது சிறுநீர் வராமல் நின்றால். தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று அர்த்தம், மணிக்கணக்கில் தாமதித்தால்கூட நடை போய்விடலாம்.
- அளவுக்கு மீறிய தாகம், வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம்.
- திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம்.

மகளிடம்

பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள். புரிகிறது. ஆனால் அவளுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைப்பது சரிதானா? பதினேழு வயதுப் பெண். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பேரை போனில் தட்டிப் பார்க்க அவளுக்கு அரை நிமிடம் போதும். நீங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், இப்போதெல்லாம் அவள் உங்கள் பக்கத்திலேயே வந்து படிக்கிறாள், ராத்திரி எழுந்து நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று பார்க்கிறாள் என்று. டிஸ்க் தேய்மானத்துக்கு யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அவளும் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்பது என் ஊகம், அந்தப் பாரத்தோடுதான் பரீட்சை எழுதப் போகிறாள்.

உட்கார வைத்துப் பெரிய பேச்சு வேண்டாம். தலை வாரிவிடும்போது சொல்லலாம். "கண்ணு, அம்மாவுக்கு மறுபடியும் அந்த நோய் வந்திருக்கு, எலும்புல இருக்கு. முழுசா போகாது. ஆனா மாத்திரை கேட்குது, வலி குறைஞ்சிருக்கு. ஏதாவது மாறினா உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்." கடைசி வாக்கியம் முக்கியம், அதைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும். அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். மகனிடமும் அவன் வயதுக்கு ஏற்ற மாதிரி, அதே வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அக்காவுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பது அவனைப் பாதிக்கும்.

"அவளுக்கும் வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் பரம்பரை. ஆனால் உங்களுக்கு முதலில் வந்தபோது வயது 38, அதனால் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது. ரத்தம் எடுத்தால் போதும். அதில் மாற்றம் இருந்தால் உங்களுக்கே ஓலாபரிப் போன்ற இன்னொரு மருந்துக்கு வழி திறக்கும், உங்கள் தங்கையும் பின்னால் மகளும் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

எவ்வளவு நாள்

இதற்குப் பதில் சொல்லாமல் கடிதத்தை முடிப்பது நியாயம் இல்லை. முழுதாகக் குணமாகும் என்று நான் சொன்னால் அது பொய். சர்க்கரை நோய் மாதிரி கட்டுக்குள் வைத்துக்கொண்டே போவதுதான் நோக்கம். நீங்கள் சாப்பிடும் இதே இரண்டு மாத்திரையையும் மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நோய் வளராமல் நின்றது. பாதிப் பேர் கிட்டத்தட்ட நாலரை வருடமோ அதற்கு மேலோ இருந்தார்கள். பாதிப் பேர் என்பதைக் கவனியுங்கள். சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலர் பல வருடம். எலும்பில் மட்டும் இருப்பவர்கள் பொதுவாக நன்றாகவே தாக்குப்பிடிக்கிறார்கள். இந்த மருந்து ஒரு நாள் கேட்காமல் போகும், அப்போது அடுத்தது இருக்கிறது, அதற்கடுத்தும் இருக்கிறது. உங்கள் எண் எது என்று எனக்கோ உங்கள் டாக்டருக்கோ தெரியாது. அதனால் மகளின் கல்லூரி அட்மிஷனுக்கு நீங்களே கூடப் போவதாகத் திட்டம் போடுங்கள், பேங்க் கணக்கு, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதையும் கணவருக்குக் காட்டி வையுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யலாம், ஒன்று இன்னொன்றுக்கு அபசகுனம் இல்லை.

கடைசியாக, போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள், கடைவாய்ப் பல் ஆடுகிறது, அடுத்த வாரம் பிடுங்கப் போகிறேன் என்று. போகாதீர்கள். எலும்பு ஊசி நடக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகிவிடும் ஆபத்து இருக்கிறது. உங்கள் புற்றுநோய் டாக்டருக்கு நாளைக் காலையே போன் செய்து சொல்லுங்கள், பல் டாக்டரிடம் ஊசியின் பேரை எழுதிய சீட்டைக் காட்டுங்கள். இரண்டு பேரும் பேசி முடிவு செய்யட்டும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாமல், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருங்கள்.